மேல் என்றால் மேற்குதான்

ஐயம்பேட்டைப் பக்கம், மழைக்காலத்தில் எருமை குளிக்கும் களிமண்ணில், வீடு நிற்காது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் மாடி வீடு நிறுத்தினேன். மாகறல் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினேன்; நடுவில் தூண் கிடையாது. முதல் மழைக்கே கூரை உட்கார்ந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் தன் பெண்ணின் கல்யாணத்தை அங்கேதான் நடத்தினார். முதல் பந்தியில் உட்கார்ந்து, வாய்க்கு ஒரு தடவை கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கூரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில், எதிரே ஓர் ஆள் வந்தால் ஒருவர் பின்வாங்கி வழிவிட வேண்டிய சந்துக்குள், கம்பியும் ஜல்லியும் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தறி போடும் வீடு கட்டிக் கொடுத்தேன். என் வீட்டை நானே கட்டினேன். என் தங்கைகளின் வீடுகளையும் நானே கட்டினேன். படித்தது நாலாவது. என் அப்பா குத்தகை நிலம் உழுதவர். எனக்கு விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. அதற்கும் காம்பு கிடையாது.

இவ்வளவும் சொல்வது பெருமைக்குத்தான். வேறெதற்குச் சொல்வார்கள்? ஆனால் இந்த வரிசையில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஐயம்பேட்டைக்கு இந்தப் பக்கம் நெசவாளர் சங்கத்துக்காக நான் கட்டிய தறிக்கூடம். இன்றைக்கு அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். கூடத்தை இன்னும் நீட்டிக் கட்டப்போகிறார்கள் என்பதால், இப்போது இருக்கிற கட்டடத்தைப் புதிதாகப் படம் வரைகிறார்கள். கட்டடப் படத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். கட்டடம் யாருடைய வேலை என்று அதில் பெயர் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் என்ஜினியர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. இருக்க வேண்டும் என்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் படம் படிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'படம் படிக்கத் தெரியாத மேஸ்திரி' என்று என்னை ஒரு நாள் நாலு பேர் முன்னால் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் படித்த படங்களை அடுக்கினால் சொன்னவருக்கு மூச்சு முட்டும்.

நான் முதலில் படித்த படம் துணியுடையது. கொத்து வேலைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் தறியில் உட்கார்ந்தேன். புடவைக் கரையில் மயிலோ அன்னமோ வர வேண்டுமென்றால், அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பார்கள். ஒரு கட்டம் ஓர் இழை. நெய்கிறவனுக்கு மயில் தெரிய வேண்டியதில்லை. இந்த வரியில் எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளை அடியிலிருந்து படிக்க வேண்டும். எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். துணி கீழிருந்து மேலே வளரும். பள்ளிக்கூடம் போன பழக்கத்தில் மேலிருந்து ஆரம்பித்த ஒருவன், தலைகீழாகத் தொங்கும் அன்னத்தை நெய்து வைத்தான். அது நானில்லை.

அப்புறம் ஜாதகக் கட்டம். அதுவும் படம்தான், வானத்தின் படம். மனை முகூர்த்தத்துக்குப் போகிற மேஸ்திரி அதைக் கொஞ்சமாவது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜோசியர் சொல்வதற்கெல்லாம் நாள் தள்ளிப்போகும். அதில் மேல் கீழ் என்று எதுவும் இல்லை. மேல் வரிசையில் இரண்டாவது கட்டம் மேஷம். அங்கே பிடித்து வலமாகச் சுற்றி வரவேண்டும், கோயிலைச் சுற்றுவது போல.

தாலுகா ஆபீசில் வாங்குகிற புலப்படம் வேறு ஜாதி. அதில் ஒரு வயலுக்கு ஒரு தாள். மரம் இருக்காது, கிணறு இருக்காது, மனிதனுக்குத் தெரிகிற எதுவும் இருக்காது, கோடும் எண்ணும்தான். கோட்டின் மேல் எழுதியிருப்பது அதன் நீளம், கோட்டுக்கு வெளியே எழுதியிருப்பது பக்கத்து வயலின் எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பக்கத்து வயலின் எண்ணை நீளம் என்று அளந்துபோய், ஏரிக்குள் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்திரத்தின் சங்கதி அதைவிட மோசம். 'இன்னார் நிலத்துக்கு மேற்கு' என்று எழுதியிருந்தால் இன்னார் நமக்குக் கிழக்கே இருக்கிறார் என்று அர்த்தம். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளே இதில் வழுக்கி விழுவார்கள்.

கடைசியாக வந்தது போன். அதில் இருக்கிற படத்துக்கு முதுகெலும்பே கிடையாது. நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. ஊர் என்னைச் சுற்றி வருகிறதா, நான் ஊரைச் சுற்றுகிறேனா என்றே தெரியாது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அதை நம்பிப் போனேன். யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகைச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லிற்று.

இப்படி எத்தனையோ படங்களில் அடிபட்டு நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும், இதில் மேல் எது என்று முதலில் கேட்க வேண்டும். துணிக்கு ஒரு மேல், வானத்துக்கு மேலே இல்லை, போனுக்கு என் மூக்கு எந்தப் பக்கமோ அது மேல். தறிக்கூடத்தின் படம் கைக்கு வந்தபோதும் நான் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டேன், பதிலும் வந்தது.

அப்போது அந்த என்ஜினியருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு தடவை வந்து இடத்தைப் பார்த்தார், படத்தைக் கொடுத்தார், போய்விட்டார். இடம் நல்ல அகலமான சதுரம். வடக்கே ரோடு. மேற்கே ஒரு வாய்க்கால், அதையொட்டி நடைபாதை. படத்தில் இருந்தது ஒரு நீளக் கட்டடம். குறுகிய பக்கம் ஒன்றில் வாசல். நீளப் பக்கங்கள் இரண்டிலும் வரிசையாக ஜன்னல். வாசலுக்கு முன்னால் இரண்டு கோடு, நடுவில் இங்கிலீஷில் என்னவோ. மூலையில் ஓர் அம்புக்குறி, அதன் தலையில் ஓர் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆறாவதில்தான் ஆரம்பம். நாலாவதோடு நின்றவனுக்கு அந்த அம்பு தச்சர் போடும் குறி மாதிரி இருந்தது.

கடைக்கால் தோண்டுவதற்கு முதல் நாள் டீக்கடையில் நின்று அவருக்குப் போன் போட்டேன். கதவு நிலை செய்யும் பாய் பக்கத்தில் இருந்தார். பாயும் நானும் ஒரே வயது, ஒரே வாய். அவர் செய்யாத நிலையை நான் எந்தச் சுவரிலும் வைத்ததில்லை.

"சார், வாசல் எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம், மேஸ்திரி. படத்துலயே இருக்கே."

"ரோடு வடக்கால போவுது சார்."

"ஆமா, ரோடு வடக்குலதான். வாசல் மேல் பக்கம். கரெக்டா இருக்குல்ல?"

எனக்கு அது கரெக்டாகத் தெரியவில்லை. "மேலண்டதானே சார்?" என்று இன்னொரு முறை கேட்டேன்.

"மேலதான் மேஸ்திரி! எத்தனை வாட்டி சொல்றது?"

போனை வைத்துவிட்டேன். ரோடு வடக்கே இருக்க, மேற்கே எதற்கு வாசல் வைக்கிறார் என்று பாய் கேட்டார்.

"படிச்சவரு சொல்றாரு. வாஸ்து பாத்திருப்பாரு" என்றேன்.

"இல்ல, ரோட்டு தூசி உள்ள வரக்கூடாதுன்னு இருக்கும்" என்றார் பாய்.

ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து டீயைக் குடித்து முடித்தோம்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரிக்கும் முன் உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மேல்பால், கீழ்பால் என்று எழுதியிருக்கும். மேல்பால் என்றால் மாடியா? கோயிலைச் சுற்றி இருக்கிற மேல வீதி ஆகாயத்திலா போகிறது? மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. என் அப்பா சொன்னது அது, அவர் அப்பா சொன்னதும் அதுதான். தாளுக்கு மேல் பக்கம் வடக்கு என்று எந்த ஊர் வழக்கம்? தாள் வந்த ஊர் வழக்கமாக இருக்கலாம். மண் எங்கள் ஊர் மண்.

மறுநாள் விடிகாலையில் இடத்தின் நடுவில் போய் நின்றேன். சர்வேக் கல்லை நம்ப மாட்டேன், சூரியனை நம்புவேன். சூரியன் கிளம்பிய இடத்தைக் குறி வைத்து நூல் பிடித்தேன். படத்தைத் தரையில் விரித்தேன், வாசல் மேற்கே வருமாறு திருப்பி வைத்து நாலு மூலையிலும் நாலு செங்கல் வைத்தேன். வாசலுக்கு முன்னால் இருந்த அந்த இரண்டு கோடு சரியாக வாய்க்கால் பக்கம் வந்தது. 'பாத்தியா, வாய்க்காலக்கூடப் போட்டிருக்காரு' என்று, படத்தின் பக்கமே திரும்பாத பாயிடம் சொன்னேன். அது ரோடு. எனக்கென்ன தெரியும்? படத்துக்கும் மண்ணுக்கும் இப்படி இம்மி பிசகாமல் பொருந்தியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு, கடைக்கால் எடுத்து, கருங்கல் கட்டி, இடுப்புயரத்துக்கு எழுப்பி மண் நிரப்பிப் பேஸ்மட்டம் முடித்தேன். பாய் தேக்கு நிலையைக் கொண்டுவந்து மேற்கே நிறுத்தி முட்டுக்கொடுத்தார்.

என்ஜினியர் வந்தார். ரோட்டில் காரை நிறுத்தி இறங்கினார். அவர் முன்னால் நீளமாக ஒரு பேஸ்மட்டம், வாசலே இல்லாமல்.

"மேஸ்திரி, வாசல் எங்க?"

"மேல் பக்கம் சார்."

அவர் அண்ணாந்து பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வானத்தைப் பார்த்தார்.

பாய் சும்மா இருப்பாரா? "மேல பாக்காதீங்க சார், இன்னும் ஏணி வெக்கல. மேற்கால வாங்க."

மேற்கே வந்து நிலையைப் பார்த்தார். படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் செங்கல் சூளை மாதிரி ஆயிற்று.

"இந்த அம்பு கண்ணுக்குத் தெரியலையா? இது என்ன?"

"இன்னா சார் அது?"

"என்!"

"உங்களுதா?" என்றேன்.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் என்றார், அவருடைய குறி என்று நினைத்தேன். பாய் ஆறாவதை எட்டிப் பார்த்தவர். என் காதில், "அது இங்கிலீஷ் எழுத்து மேஸ்திரி. நார்த். வடக்கு" என்றார். அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கினதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

"படம் படிக்கத் தெரியாத மேஸ்திரியக் கூட்டிக்கினு வந்து என் தலையில கட்டிட்டாங்க" என்று அவர் கத்தினார். சித்தாள்கள் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். "இடிங்க. எல்லாத்தையும் இடிச்சுட்டுத் திருப்பிப் போடுங்க."

"போன்ல ரெண்டு வாட்டி கேட்டேன் சார். மேல் பக்கம்னீங்க."

"மேல்னா பேப்பர்ல மேல!"

"நான் பேப்பர்ல கட்டல சார். தரையில கட்டறேன்."

வாய் அப்படிப் பேசிவிட்டது, ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. காஞ்சிபுரம் சின்ன ஊர். கட்டிய பேஸ்மட்டத்தை இடித்த மேஸ்திரி என்று ஒரு பெயர் வந்தால் அடுத்த நாள் எனக்கு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். தெருவில் தறி ஓடுகிற சத்தத்தைவிடச் சீக்கிரமாக ஓடும் அந்தப் பேச்சு.

சங்கத் தலைவருக்கு ஆள் போயிற்று. அவர் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பத்துக்காரர்; அதிகம் பேசாதவர்; யார் கத்தினாலும் வெற்றிலை மென்றுகொண்டே கேட்பவர். வந்தார். என்ஜினியர் சொன்னதைக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டார். பிறகு பேஸ்மட்டத்தின் மேல் ஏறி நடுவில் போய்த் தறிக்குழியில் காலைத் தொங்கவிடுகிற பாவனையில் உட்கார்ந்தார். சாயங்கால வெயில் நீட்டமாக விழுந்துகொண்டிருந்தது.

"சார், உங்க படத்துல ஜன்னலு எங்க?" என்றார்.

"கிழக்குலயும் மேற்குலயும். ரெண்டு நீளச் சுவர்லயும்."

"இப்பிடியே உட்டா?"

என்ஜினியர் கையிலிருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: "வடக்குலயும் தெற்குலயும், தலைவரே."

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். "எங்க ஊட்ல மேலண்ட ஜன்னலுக்குக் கோணி கட்டித் தொங்க வுட்டிருக்கோம், பாத்திருக்கிறியா மேஸ்திரி? மூணு மணிக்கு மேல வெயிலு நேரா தறியில இழுத்துக் கட்டின பாவு நூலு மேல வந்து குந்திக்கும். பட்டு பளபளன்னு கண்ணக் குத்தும், அறுந்த இழை தெரியாது. காலைல கெழக்கு ஜன்னலுக்கும் இதே கதை. கோணியப் போட்டா இருட்டு, எடுத்தா கூச்சம். எங்க அம்மா காலத்துலேர்ந்து இந்தக் கோணிக்கு விடிவு இல்ல." சற்று நேரம் வடக்கே பார்த்தார், அப்புறம் தெற்கே. "பாகுந்தி" என்றார். நல்லாயிருக்கிறது என்பதைத் தெலுங்கில் சொன்னால், அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

"வாசல் ரோட்டுக்கு இல்லையே?" என்றார் என்ஜினியர்.

"நடந்து சுத்தி வந்தா தேஞ்சிடமாட்டோம்" என்றார் தலைவர். "இடிக்காதீங்க."

பேஸ்மட்டம் தப்பித்தது. நானும்தான். அப்புறம் என்ஜினியர் உட்கார்ந்து வேலை செய்தார். தெற்கு ஜன்னல்களுக்கு மேலே நீளமாக நிழல் பலகை வைக்கச் சொன்னது அவர்தான். கூரையில் சூடு வெளியேறத் திறப்பு விட்டதும் அவர்தான். அதில் எனக்குப் பங்கு இல்லை; கேட்கவும் இல்லை. அடுத்தவன் வைத்த செங்கல்லை நான் வைத்தேன் என்று சொல்கிற பழக்கம் என் குடும்பத்தில் கிடையாது.

கூடம் எழுந்தது. தறிகள் வந்தன. முதல் வாரமே நெய்கிற பெண்கள், மதியத்திலும் நிறம் நிறமாகத் தெரிகிறது, அரக்கும் மெரூனும் தனித்தனியாகத் தெரிகிறது என்றார்கள். ஒரு ஜன்னலிலும் கோணி ஏறவில்லை. பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், அதிகாரிகள், கேமராக்காரர்கள். சுவரில் கல் பதித்தார்கள். கல்லில் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக, என்ஜினியர் பெயர் அடுத்து. கல்லில் மேஸ்திரி பெயர் போடும் வழக்கம் இல்லை, சரி.

ஆனால் பல வருஷம் கழித்து ஒரு நாள் நான் ஒரு தறிக்குழியில் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்க, நடுவில் என்ஜினியர். தலையில் அங்கங்கே நரை வந்துவிட்டது. குரலும் கனத்துவிட்டது.

"வடக்கு வெளிச்சம் வேணும்னுதான் கட்டடத்தையே திருப்பினோம். ரோட்டைப் பார்த்து வைக்கிறது சுலபம். நெசவாளருக்கு எது நல்லதுன்னு யோசிச்சோம்."

குழிக்குள்ளிருந்து கேட்டேன். திருப்பினோம். யோசிச்சோம். அந்த 'ஓம்' யாரைச் சேர்த்தது? என்னைச் சேர்த்ததென்றால், யோசித்தபோது என்னை ஏன் இடி இடி என்று கத்தினார்? என்னைச் சேர்க்காததென்றால், தனியாளுக்கு எதற்கு 'ஓம்'? கரணையைக் கீழே வைத்து, குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். பிள்ளைகளில் ஒருத்தி பயந்து கத்தினாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இவர்தான் எங்க மேஸ்திரி, ரொம்ப அனுபவசாலி" என்று சொல்லி அவர்களை அடுத்த ஜன்னலுக்கு அழைத்துப் போனார்.

அனுபவசாலி! கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது சில மாதங்களுக்கு முன்னால் கூடத்தை நீட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் அதற்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதில் கட்டடம் வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. அனுமதி வாங்க வேண்டுமானால் நிற்கிற கட்டடத்தை நிற்கிறபடி வரைந்து கொடுக்க வேண்டுமாம். என்ஜினியர் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள், படம் வரைகிறவள். நாடாவே இல்லை, கையில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி. அதைச் சுவரில் காட்டினால் சிவப்புப் புள்ளி விழுகிறது, நீளம் வந்துவிடுகிறது. சங்கம் என்னை உடனிருக்கச் சொல்லியிருந்தது.

"தாத்தா, கொஞ்சம் நகருங்க, லேசர் உங்க மேல படுது" என்றாள்.

"நான் இருக்கிற அளவையும் சேத்துக்கோம்மா. நானும் இந்தக் கட்டடத்துல ஒரு சுவருதான்."

சிரித்தாள். ஆனால் கெட்டிக்காரி. போனைத் தரையில் வைத்துத் திசை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "தாத்தா, பில்டிங் நேர் கிழக்கு மேற்கா இல்ல. கொஞ்சம் டில்ட் ஆயிருக்கு. கடைக்கால் மாசி மாசத்துல போட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசியில்தான் போட்டேன். "உனக்கு யாரு சொன்னது?"

"காலைல சூரியன் வர்ற எடத்த கிழக்குன்னு வெச்சுட்டீங்க. மாசில சூரியன் நேர் கிழக்குல வராது, தெற்கால தள்ளித்தான் வரும். பங்குனியிலதான் நேரா வரும். உங்க பில்டிங் அந்த அளவுக்குத் திரும்பி நிக்குது."

"சூரியன் தள்ளி வந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்றேன். ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். கட்டடத்தின் கோணலே நான் நின்ற காலையைச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட மாதிரி. படத்தில் அந்தக் கோணலையும் அவள் அப்படியே வரைந்தாள். என்ஜினியர் மனதில் திட்டம் போட்டுத் திருப்பியிருந்தால் இந்தக் கோணல் எங்கிருந்து வந்திருக்கும்? அவரிடம்தான் அம்பு இருந்ததே.

படம் அச்சாகி வந்த அன்று எல்லோரும் கூடத்தில் இருந்தோம். தலைவர் நாற்காலியில், இப்போது பல் இல்லாததால் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொள்கிறார். பாய் புதிய நிலைக்கு அளவெடுக்க வந்திருந்தார். என்ஜினியர் படத்தை மேசையில் விரித்தார். நான் மூலைக் கட்டத்துக்கு நேரே போனேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். 'வடிவமைப்பு' என்று போட்டு அவர் பெயர். 'வரைந்தவர்' என்று போட்டு அந்தப் பெண்ணின் பெயர். அவ்வளவுதான்.

"சார், திருப்பினது யாருன்னு இதுல இல்லியே" என்றேன்.

"மேஸ்திரி, ப்ளான்ல மேஸ்திரி பேரெல்லாம் போட மாட்டாங்க. விழாவுல உங்களுக்கு சால்வை போடச் சொல்றேன்."

"சால்வைக்கு இந்த ஊர்ல பஞ்சமா சார்? பேரக் கேக்கறேன்."

"எதுக்குன்னு போடறது? டிசைன் என்னுது."

"உங்க டிசைன் பழைய படத்துல இருக்குது. அது வடக்கப் பாத்துக்கினு நிக்குது. இங்க நிக்கறது அது இல்ல."

அவருக்குச் சுருக்கென்றது. "மேஸ்திரி, பழசக் கிளறாதீங்க. அது தப்பு. நீங்க மேல்னா மேற்குன்னு எடுத்துக்கினது தப்பு. ஏதோ நல்லதா முடிஞ்சுது, அவ்வளவுதான்."

"சரி சார். தப்பு. யாரு தப்பு?"

"உங்க தப்புதான்!"

"எல்லாரும் கேட்டுக்குங்கப்பா" என்றேன். "இடிக்கச் சொன்ன அன்னிக்கும் என் தப்பு. இன்னிக்கும் என் தப்பு. ஊரு வந்து பாக்கறது அந்தத் தப்பத்தான். நடுவுல அது எப்போ சார் உங்களுதாச்சு?"

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தலைவர், "சார், ஒரு வரி போட்டா படம் கிழிஞ்சிடுமா?" என்று கேட்டார்.

"என்னன்னு எழுத, நீங்களே சொல்லுங்க. இதுக்குன்னு ஒரு வார்த்தையே கிடையாது" என்றார் என்ஜினியர். அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார் ஓகே சொன்னா நான் சேர்த்துடுவேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். அவர் ஓகே சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அனுமதிக்கு அந்தப் படம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். போன பிறகு எழுதினால் புலம்பல் ஆகிவிடும்.

வார்த்தை இல்லை என்றாரே, நான் தருகிறேன். அவருடைய நிழல் பலகையும் கூரைத் திறப்பும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அந்தப் பெண்ணின் கோடுகள் அவள் பெயரில் இருக்கட்டும். மூன்றாவதாக ஒரு வரி. திசை வைத்தவர் என்று போட்டு என் பெயரை எழுதுங்கள். அது கௌரவமாக இருக்கிறது, மேஸ்திரிக்கு அவ்வளவு ஆகாது என்று தோன்றினால், 'மேல் பக்கத்தை மேற்கு என்று தவறாகப் படித்தவர்' என்று எழுதுங்கள். எனக்கு வருத்தமில்லை. அப்படியே எழுதுங்கள், பெரிய எழுத்தில் எழுதுங்கள், வருகிற பிள்ளைகளெல்லாம் படிக்கட்டும். தப்பு என்றே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது என்னுடைய தப்பு. அதை என் பெயரில் போடுங்கள்.